அறிக்கையில் உள்ள மூன்று '3'கள்: சினைப்பைப் புற்றுநோயில் கிரேடு எதைச் சொல்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தங்கள் தாயாரின் முதல் திசுப் பரிசோதனை அறிக்கையில் "ஹை கிரேடு சீரஸ் கார்சினோமா, கிரேடு 3" என்று இருக்கிறது. ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் "ஸ்டேஜ் 3சி" என்றார். மூன்று சுற்றுக் கீமோதெரபிக்குப் பிறகு நடந்த அறுவை சிகிச்சையின் அறிக்கையில் "கீமோதெரபி எதிர்வினை மதிப்பெண் 3" என்று வந்திருக்கிறது. எங்கும் 3 என்றே இருப்பதால் நோய் எல்லா வகையிலும் முற்றிவிட்டதோ என்று அஞ்சுகிறீர்கள். அடுத்த படுக்கையில் இருந்த பெண்மணிக்கு "லோ கிரேடு" என்று சொன்ன மருத்துவர்களே, அவருக்குக் கீமோ அவ்வளவாகப் பலன் தராது என்றும் சொல்லியிருக்கிறார்கள். கிரேடு குறைவு என்றால் நல்லதுதானே, பிறகு ஏன் அப்படி என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் விடை ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோயில் கிரேடு என்பதை ஒரே நோயின் மேல்படி, கீழ்ப்படி என்று எண்ணிக்கொள்வதால்தான் குழப்பம் வருகிறது. சீரஸ் என்னும் கட்டி வகையில் அது எந்த நோய் என்பதையே குறிக்கும் பெயரின் ஒரு பாதி.

முதலில் ஸ்டேஜை ஒதுக்கி வைத்துவிடலாம். கட்டி உடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதே ஸ்டேஜ். அதை அறுவை சிகிச்சையிலும் ஸ்கேனிலும் காண்பவற்றைக் கொண்டு ஃபிகோ எனப்படும் சர்வதேச மகப்பேறு, மகளிர் நோயியல் கூட்டமைப்பின் முறைப்படி 1 முதல் 4 வரை குறிக்கிறார்கள். சினைப்பைகளுக்குள்ளோ கருக்குழாய்களுக்குள்ளோ அடங்கியிருந்தால் 1; இடுப்புக் குழிக்குள் பரவியிருந்தால் 2; இடுப்புக்கு மேலே வயிற்றறையின் உட்சவ்விலோ நிணநீர்க் கணுக்களிலோ பரவியிருந்தால் 3; அதற்கும் அப்பால் தொலைவிலுள்ள உறுப்புகளை எட்டியிருந்தால் 4. தாயாருக்குச் சொல்லப்பட்ட 3சி என்பது, இடுப்புக்கு வெளியே வயிற்றறைச் சவ்வில் 2 சென்டிமீட்டருக்கும் பெரிய படிவுகள் இருப்பதைக் குறிக்கும். இதில் செல்களின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சாதுவான செல்களும் தொலைவுக்குப் பரவலாம், மூர்க்கமான செல்களும் சில வேளை சினைப்பைக்குள்ளேயே அகப்படலாம்.

கிரேடு நுண்ணோக்கியின் கீழ் தீர்மானிக்கப்படுவது. எடுக்கப்பட்ட திசுவை மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நோய்க்கூறியல் மருத்துவர் பார்க்கிறார். இயல்பான திசு எப்படி இருந்திருக்க வேண்டுமோ அதிலிருந்து இந்தச் செல்கள் எவ்வளவு விலகிவிட்டன என்பதே அவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. இந்த யோசனை மிகப் பழையது. 1920ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆல்பர்ட் பிராடர்ஸ் உதட்டுப் புற்றுநோய்களை இவ்வாறு தரம் பிரித்துக் காட்டினார். ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே அளவுகோல் கிடையாது. மார்பகத்துக்கு ஒரு முறை, புராஸ்டேட்டுக்கு இன்னொரு முறை. சினைப்பையிலோ கட்டியின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி முறை. எனவே கட்டியின் வகையைத் தெரிந்துகொள்ளாமல் கிரேடை மட்டும் பார்த்துப் பொருள் கொள்ள முடியாது. அறிக்கையில் வகையின் பெயர்தான் முதலில் படிக்கப்பட வேண்டியது.

சீரஸ் வகை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சினைப்பைக் கார்சினோமாக்களில், அதாவது உறுப்புகளைப் போர்த்தும் திசுவில் பிறக்கும் புற்றுநோய்களில், ஏறத்தாழ 70 விழுக்காடு ஹை கிரேடு சீரஸ் வகையே. முன்பு இதற்கும் கிரேடு 1, 2, 3 என்று மூன்று படிகள் இருந்தன. படிகளைப் பிரிக்கும் முறைகளும் ஒன்றுக்கு மேற்பட்டவை புழக்கத்தில் இருந்ததால், ஒருவர் 2 என்று எழுதியதை மற்றொருவர் 3 என்று எழுதுவது அரிதான செய்தியாக இருக்கவில்லை. 2004ஆம் ஆண்டில் டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து இரண்டே படிகள் கொண்ட முறை வெளிவந்தது. அதில் முதன்மையாகப் பார்க்கப்படுவது செல்லின் உட்கரு. உட்கருக்கள் பெரும்பாலும் ஒரே அளவில், ஒரே சாயலில் இருந்தால் லோ கிரேடு; மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஹை கிரேடு. அதற்குத் துணையாகச் செல் பிரிவை எண்ணுகிறார்கள்: உயர் உருப்பெருக்கத்தில் 10 காட்சிப் புலங்களில் 12க்கு மேற்பட்ட செல்கள் பிரிந்துகொண்டிருந்தால் ஹை கிரேடு. நடுவிலிருந்த 2 மறைந்தது. மறைந்ததில் யாருக்கும் வருத்தம் இல்லை என்றே நினைக்கிறேன். இரண்டு படிகளாகக் குறைத்த பின் வெவ்வேறு மருத்துவர்களின் முடிவுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

இதற்குப் பின்னால் இன்னும் முக்கியமான ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. ஒரே காலகட்டத்தில் மரபணு ஆய்வுகள், லோ கிரேடு சீரஸும் ஹை கிரேடு சீரஸும் வெவ்வேறு வழிகளில் பிறப்பவை என்று காட்டின. லோ கிரேடு பெரும்பாலும் சீரஸ் பார்டர்லைன் கட்டி எனப்படும், திசுவுக்குள் ஊடுருவாத ஒரு முன்நிலையிலிருந்து மெல்ல வளர்கிறது. கே-ராஸ், பி-ராஃப், என்-ராஸ் போன்ற மரபணுக்களில் ஏற்படும் பிறழ்வுகள் அதை இயக்குகின்றன. ஹை கிரேடு பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை. கருக்குழாயின் விரல் போன்ற விளிம்பில், கண்ணுக்குப் புலப்படாத அளவில் தொடங்கிச் சினைப்பைக்கும் வயிற்றறைக்கும் செல்கிறது. ஏறத்தாழ எல்லாவற்றிலும், 2011இல் வெளியான பெரிய மரபணுத் தொகுப்பாய்வின்படி 96 விழுக்காட்டில், டி.பி.53 என்னும் மரபணு பழுதடைந்திருக்கிறது. லோ கிரேடு முற்றிப்போய் ஹை கிரேடாக மாறுவது மிக அரிது. ஆகவே "லோ கிரேடை விட்டுவைத்தால் ஹை கிரேடாகிவிடும்" என்று பலர் நினைப்பது சரியன்று. 2014இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் இவ்விரண்டையும் தனித்தனி நோய்களாகவே பதிவு செய்துவிட்டது. இன்றும் சில அறிக்கைகளில் "ஹை கிரேடு" என்பதை அடுத்து "கிரேடு 3" என்றும் எழுதப்படுவது பழைய பழக்கத்தின் எச்சம். தாயாரின் அறிக்கையில் அவை இரண்டும் ஒரே செய்திதான்.

அறிக்கையின் கீழ்ப்பகுதியில் ஐ.எச்.சி. என்ற தலைப்பில் பி53, டபிள்யூ.டி.1 போன்ற பெயர்கள் இருக்கும். புரதங்களைத் தேடிச் சாயமேற்றும் சோதனை அது. டபிள்யூ.டி.1 பாசிட்டிவ் என்பது சீரஸ் வகை என்பதற்கு வலுச் சேர்க்கும். டி.பி.53 மரபணு உருவாக்கும் புரதமான பி53ஐப் படிப்பதில் மட்டும் ஒரு கண்ணி உண்டு. பழுதில்லாத செல்களில் அந்தச் சாயம் சிலவற்றில் அழுத்தமாகவும் சிலவற்றில் மங்கலாகவும், கலவையாகப் பிடிக்கும். மரபணு பழுதடைந்த கட்டியில் பெரும்பாலும் எல்லா உட்கருக்களும் அடர்ந்து நிறமேறும், அல்லது ஒன்றில்கூட நிறமே ஏறாது. ஆகவே "பி53 நெகட்டிவ்" என்று படித்துவிட்டு நிம்மதி அடைபவர்களைப் பார்த்திருக்கிறேன். முழுமையாக இல்லாமல் போவதும் பழுதின் அடையாளமே. நல்ல அறிக்கைகள் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று எழுதாமல் "பிறழ்ந்த வடிவம்" அல்லது "இயல்பு வடிவம்" என்றே எழுதும். கண்ணால் பார்த்து லோவா ஹையா என்று உறுதி சொல்லத் தயங்கும் இடங்களில் இந்தச் சோதனைதான் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்கிறது.

இப்போது அடுத்த படுக்கைப் பெண்மணியின் கதைக்கு வருவோம். லோ கிரேடு சீரஸ் நோய் பெரும்பாலும் சற்று இளவயதிலேயே வருகிறது, மெதுவாக வளர்கிறது, நோயுடன் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். இவையெல்லாம் நல்ல பக்கம். ஆனால் கீமோதெரபி மருந்துகள் பெரும்பாலும் வேகமாகப் பிரியும் செல்களையும், மரபணு இழையில் நேரும் சேதத்தைச் சீர்செய்யத் தெரியாத செல்களையுமே எளிதில் கொல்கின்றன. அந்த மருந்துகளில் கார்போபிளாட்டின் மரபணு இழையைக் கட்டிப்போட்டுச் சேதப்படுத்துகிறது. பக்லிடாக்சல் செல் பிரியும் தருணத்தில் குறுக்கிடுகிறது. சோம்பலாக வளரும் லோ கிரேடு செல்லுக்கு இந்த இரண்டு தாக்குதல்களையும் தாங்கிக்கொள்ள அவகாசம் இருக்கிறது. அதனால்தான் அவருக்கு அறுவை சிகிச்சையில் கண்ணுக்குத் தெரியும் கட்டி அனைத்தையும் அகற்றுவது மிகப் பெரிய விஷயமாகிறது. நோய் திரும்பினாலும் சிலருக்கு மீண்டும் அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படுகிறது. அந்தச் செல்களில் பல ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் தன்மை கொண்டவை ஆதலால் லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் பயன்படுகின்றன. கே-ராஸ் போன்ற மரபணுக்கள் இயக்கும் வளர்ச்சிப் பாதையைத் தடுக்கும் டிராமெடினிப் என்ற மருந்தைத் திரும்ப வந்த லோ கிரேடு சீரஸ் நோயில் சோதித்த ஆய்வு 2022இல் வெளியானது. நோய் மேலும் முன்னேறாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு (பாதிப் பேருக்கு இதைவிட நீண்டது) வழக்கமான சிகிச்சையில் 7.2 மாதம், இந்த மருந்தில் 13 மாதம். நோயின் பெயர் வேறு என்பதால் மருந்தும் வேறு, அவ்வளவுதான்.

ஹை கிரேடில் கதை தலைகீழ். வேகமாக வளரும், கண்டறியும்போதே பெரும்பாலோருக்கு 3ஆம் ஸ்டேஜைத் தொட்டிருக்கும், சிகிச்சை முடிந்த பின் திரும்பி வரும் வாய்ப்பும் அதிகம். இதை மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை. ஆனால் முதன்முறை தரப்படும் கீமோதெரபிக்குப் பெரும்பான்மையோர் நன்றாக இணங்குகிறார்கள். ஏறத்தாழ பாதிப் பேரின் கட்டியில் மரபணு இழை அறுந்தால் பிழையின்றி இணைக்கும் திறன் கெட்டுப்போயிருக்கிறது, பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்களின் பிறழ்வு அதற்கு முக்கியமான ஒரு காரணம். கட்டியின் இந்தப் பலவீனத்தைக் குறிவைத்தே மரபணு இழையைச் சீர்செய்ய உதவும் பார்ப் என்னும் புரதத்தைத் தடுக்கும் ஒலாபாரிப் போன்ற மருந்துகள் கீமோவுக்குப் பின் பராமரிப்புச் சிகிச்சையாகத் தரப்படுகின்றன. எனவே "ஹை கிரேடு சீரஸ்" என்ற சொற்றொடரை அறிக்கையில் கண்டவுடன் கேட்க வேண்டிய கேள்வி பி.ஆர்.சி.ஏ. பரிசோதனை செய்யப்பட்டதா என்பதுதான். பிறப்பிலேயே வந்த பிறழ்வு என்று தெரிந்தால் அது உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தோருக்கும் உரிய செய்தியும் ஆகிறது. ஆண்களும் அதைச் சுமக்கலாம், பிள்ளைகளுக்குக் கடத்தலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சீரஸ் அல்லாத வகைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிலைப் படிக்கும் வேறு சிலரின் அறிக்கையில் அவை இருக்கக்கூடும். எண்டோமெட்ரியாய்டு வகையில் இன்றும் 1, 2, 3 என்ற மூன்று படிகள் பொருளுள்ளவை. இது கருப்பையின் உட்சவ்வைப் போல் சுரப்பிகளாக வளர முயலும் கட்டி. சுரப்பி வடிவத்தை இழந்து திண்மமாகத் திரண்ட பகுதி 5 விழுக்காட்டுக்கு மேற்படாவிட்டால் கிரேடு 1, 6 முதல் 50 வரை 2, அதற்கு மேல் 3. வடிவத்துக்குப் பொருந்தாத அளவு உட்கருக்கள் விகாரமாக இருந்தால் ஒரு படி உயர்த்தப்படும். இங்கே கிரேடு சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது: ஒரே சினைப்பைக்குள் அடங்கிய கிரேடு 1 எண்டோமெட்ரியாய்டு கட்டிக்கு, முறையான அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோ தராமல் கண்காணிப்பதே போதும் என்று முடிவெடுக்கப்படுவது உண்டு. இன்னொரு பக்கம், எண்டோமெட்ரியாய்டு கிரேடு 3 என்று முதலில் பெயரிடப்பட்டவற்றில் சில, டபிள்யூ.டி.1, பி53 சாயங்களுடன் மறுபடி பார்க்கும்போது உண்மையில் ஹை கிரேடு சீரஸ் என்று தெரியவந்திருக்கிறது.

கிளியர் செல் கார்சினோமாவுக்கு எண் எழுதப்படுவதில்லை, அது எப்போதுமே ஹை கிரேடாகக் கொள்ளப்படுகிறது. விந்தை என்னவென்றால் அதில் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் பல நேரம் குறைவாகவே தென்படும். செல் பிரிவின் வேகத்தை மட்டும் வைத்துக் கிரேடிட்டால் அது சாது என்று தோன்றிவிடும். ஆனால் முற்றிய நிலையில் கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகளுக்கு எளிதில் வளையாத நோய் அது. கார்சினோசார்கோமாவும் அவ்வாறே, எண் இல்லாமலே ஹை கிரேடு. சளி போன்ற நீர்மத்தைச் சுரக்கும் மியூசினஸ் வகையில் கிரேடைக் காட்டிலும் கட்டி திசுவுக்குள் எப்படி நுழைகிறது என்பது முக்கியம்: ஒரே திரளாக விரிந்து தள்ளிக்கொண்டு வளர்வது ஒப்பீட்டளவில் சாதுவானது, சிதறிய செல் கூட்டங்களாகத் துளைத்துச் செல்வது கடுமையானது. அதற்கும் முன்னால், அந்தக் கட்டி சினைப்பையில்தான் பிறந்ததா, குடல்வால், இரைப்பை, கணையம் போன்ற இடங்களிலிருந்து வந்து சேர்ந்ததா என்பதை முடிவு செய்தாக வேண்டும். பார்டர்லைன் கட்டிகளுக்கு இந்தக் கிரேடுகள் பொருந்தா. அவை "கிரேடு பூஜ்யம்" என்று யாராவது விளக்கினால் அது ஒரு வசதிக்கான பேச்சு மட்டுமே.

சிறுமிகளுக்கும் இளம் பெண்களுக்கும் வரும் இம்மெச்சூர் டெரட்டோமாவில் கிரேடுக்கு முற்றிலும் வேறு பொருள். அந்தக் கட்டியில் தோல், முடி, குருத்தெலும்பு, மூளைத்திசு என்று பல திசுக்கள் கலந்திருக்கும்; கருவில் உள்ளது போன்ற முதிராத நரம்புத் திசு ஒரு கண்ணாடித் தகட்டில் எத்தனை காட்சிப் புலங்களை நிரப்புகிறது என்பதை அளந்து 1, 2, 3 என்று எழுதுகிறார்கள். சினைப்பைக்குள் அடங்கிய கிரேடு 1 என்றால் கட்டியை அகற்றுவதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். சினைப்பையின் வேறு வகைச் செல்களிலிருந்து பிறக்கும் கிரானுலோசா செல் கட்டிக்கோ டிஸ்ஜெர்மினோமாவுக்கோ கிரேடு என்பதே கிடையாது. எனவே அறிக்கையில் கிரேடுக்கான இடம் வெறுமையாக இருந்தால் ஏதோ விடுபட்டுவிட்டது என்று உடனே எண்ண வேண்டியதில்லை; அந்த வகைக்குக் கிரேடு வழங்கப்படாமல் இருக்கலாம். "ஜி.எக்ஸ்." என்று எழுதியிருந்தால் கிடைத்த திசுவைக் கொண்டு கிரேடைத் தீர்மானிக்க இயலவில்லை என்று பொருள்.

கிரேடு எந்தத் திசுவிலிருந்து சொல்லப்பட்டது என்பதையும் கவனியுங்கள். வயிற்றில் தேங்கிய நீரை உறிஞ்சிப் பார்ப்பதில் செல்கள் கிடைக்கும், ஆனால் அவை எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்ற கட்டமைப்பு பெரும்பாலும் தெரியாது. ஊசியால் எடுத்த சிறு துண்டு, பெரிய கட்டியின் ஒரு மூலையை மட்டுமே காட்டும்; முழுக் கட்டியும் வெளியே வந்த பிறகு, குறிப்பாக எண்டோமெட்ரியாய்டு வகையில், கிரேடு மாறுவது தவறும் அன்று, அலட்சியமும் அன்று. அறுவை சிகிச்சையின் நடுவே உறைய வைத்துப் பார்த்துச் சொல்லப்படும் முடிவும் தற்காலிகமானதே. லோ கிரேடு சீரஸ் போன்ற அரிதான பெயரோ, வயதுக்கும் நோயின் போக்குக்கும் பொருந்தாத கிரேடோ அறிக்கையில் இருந்தால், மெழுகுக் கட்டைகளையும் கண்ணாடித் தகடுகளையும் மகளிர் புற்றுநோய்த் திசுக்களையே நாள்தோறும் பார்க்கும் நோய்க்கூறியல் மருத்துவர் ஒருவரிடம் மறுபார்வைக்கு அனுப்பும்படி தயங்காமல் கேட்கலாம். இதை எந்த நல்ல மருத்துவரும் தம்மீதான அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மிச்சமிருப்பது மூன்றாவது 3. கீமோதெரபி பெற்ற பின் எடுக்கப்படும் கட்டியில் கிரேடு இடுவதில் பொருள் குறைவு. மருந்தால் செல்கள் வீங்கி, உட்கருக்கள் உருமாறி, எல்லாமே விகாரமாகத் தெரியும். எனவே சிகிச்சைக்கு முன் எடுத்த திசுவின் கிரேடே கணக்கில் நிற்கிறது. பிந்தைய அறிக்கையில் அதற்குப் பதிலாக, மருந்து எவ்வளவு வேலை செய்தது என்பதை மதிப்பிடுகிறார்கள். ஹை கிரேடு சீரஸ் நோய்க்கென்றே வகுக்கப்பட்ட இந்த மதிப்பெண், குடலின் முன்னே திரை போல் தொங்கும் கொழுப்புத் திசுவான ஓமென்டத்தைப் பார்த்து இடப்படுகிறது. கட்டி ஏறக்குறைய அப்படியே இருந்தால் 1. கணிசமாக அழிந்தும் எளிதில் காணக்கூடிய அளவு எஞ்சியிருந்தால் 2. முற்றிலும் அழிந்திருந்தாலோ, 2 மில்லிமீட்டரைத் தாண்டாத சிதறல்கள் மட்டுமே மிஞ்சியிருந்தாலோ 3. கிரேடிலும் ஸ்டேஜிலும் எண் ஏற ஏறக் கவலை கூடுகிறது. இதில் எண் ஏறுவதே விரும்பத்தக்கது. இப்படி எதிர்த்திசையில் எண்ணிட்டவர்கள் நோயாளியின் வீட்டார் இதைப் படிப்பார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள் போலும். தங்கள் தாயாரின் அறிக்கையில் உள்ள கடைசி 3, அந்த அளவுகோலில் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த மதிப்பெண்.